பத்தடிக் காம்பராவில் இரண்டு ஸ்பீக்கர்கள்

அவிசாவளையில் இருந்து ஹட்டன் செல்லும் வீதியில், களனி கங்கையை ஒட்டி அமைந்திருக்கிறது கேகாலை மாவட்டத்தின் யட்டியாந்தோட்டை. தாழ்வான சரிவுகளில் இறப்பர், மேலே ஏற ஏறத் தேயிலை. இரண்டுக்கும் நடுவே, வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் கட்டப்பட்ட லயன்கள். ஒரு லயன் காம்பராவின் அளவு பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடிதான். அதற்குள்ளேதான் கட்டில், அலுமாரி, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம். பாட்டுக் கேட்கும் செட்டும் அங்கேதான். மிச்சமிருக்கும் இடத்தில் செட் வைக்கப்படுகிறதே தவிர, செட்டுக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்படுவதில்லை. ஒரு ஸ்பீக்கர் அலுமாரியின் மேல், மற்றது கட்டிலுக்கடியில் என்றுகூட இருக்கும்.

ஸ்பீக்கரை எங்கே வைப்பது, எந்தப் பக்கம் திருப்புவது என்று விளக்கும் கையேடுகள் பெரும்பாலும் பெரிய வரவேற்பறைகளை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. மூன்று பக்கமும் ஆறடி விடுங்கள் என்றால், பத்தடிக் காம்பராவில் ஆள் எங்கே நிற்பது? இந்தக் கட்டுரை அந்தச் சின்னக் காம்பராவை வைத்தே விடயத்தை விளக்க முயல்கிறது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ மீள்குடியேற்ற வீட்டில் இருப்பவருக்கும், வெளிநாட்டில் சிறிய அடுக்குமாடி அறையில் இருப்பவருக்கும் இதே கணக்குப் பொருந்தும். போரில் காது பாதிக்கப்பட்டவர் இருக்கும் வீட்டில் இந்தக் கணக்கு வசதி, ரசனை என்ற எல்லையையும் தாண்டி அவசியமாகிறது.

ஏன் இரண்டு?

நமது மூத்த தலைமுறை கேட்டு வளர்ந்த ரேடியோவில் ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். 1990களில் வடக்கில் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரி கிடைக்கவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவின் மின்சாரத்தில் செய்தி கேட்டார்கள். அந்த ஒற்றை ஸ்பீக்கரில் செய்தி தெளிவாகவே கேட்டது. அப்படியானால் இரண்டாவது எதற்கு?

நமக்கு இரண்டு காதுகள் இருப்பதுதான் காரணம். வலப்பக்கம் நாய் குரைத்தால் அந்தச் சத்தம் வலக்காதுக்கு முதலில் வரும், இடக்காதுக்குச் சற்றுப் பிந்தும். அந்தத் தாமதம் ஆகக் கூடியது ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஏறத்தாழ 0.6 முதல் 0.7 மில்லிசெக்கன். தலை இடையில் மறைப்பதால் இடக்காதுக்குச் சத்தமும் சற்றுக் குறையும். இந்த இரண்டு வித்தியாசங்களையும் வைத்து மூளை திசையைக் கணக்கிடுகிறது.

இதே கணக்கைத் தலைகீழாகப் பயன்படுத்தியவர் பிரித்தானியப் பொறியியலாளர் அலன் புளூம்லைன். ஒரே குரலை இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் ஒலிக்கவிட்டால், அது இரண்டுக்கும் நடுவில், ஸ்பீக்கரே இல்லாத வெற்றிடத்தில் இருந்து வருவதுபோல மூளை எடுத்துக்கொள்ளும். ஒரு பக்கம் சற்றுக் கூட்டினால் குரல் அந்தப் பக்கம் நகரும். 1931 டிசம்பரில் அவர் இதற்கான காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இரண்டாம் உலகப்போரில் ராடார் கருவியொன்றைப் பரிசோதிக்கப் பறந்த விமானம் 1942 ஜூனில் விழுந்து, 38 வயதில் இறந்துபோனார். அவர் கண்டுபிடித்த முறை வீடுகளுக்கு வரத் தொடங்கியது 1950களின் பிற்பகுதியில், ஸ்டீரியோ இசைத்தட்டுகளுடன்தான். தமிழ்த் திரைப்பாடல்களுக்கு அது வர மேலும் காலம் எடுத்தது. 1978இல் வெளிவந்த இளையராஜாவின் ‘பிரியா’ ஸ்டீரியோவில் பாடல்கள் பதிவான ஆரம்பகாலத் தமிழ்ப்படங்களில் ஒன்று.

இரண்டு ஸ்பீக்கரும் உங்கள் காதில் இருந்து சம தூரத்தில் இருந்தால்தான் இந்த மாயம் வேலை செய்யும் என்பதுதான் இதில் நமக்கு வேண்டிய பாடம். ஒலி ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 345 மீற்றர் ஓடுகிறது. ஓரடி கடக்க அதற்கு 0.9 மில்லிசெக்கன் போதும். ஆகவே ஒரு ஸ்பீக்கர் மற்றதைவிட ஓரடி கிட்ட இருந்தாலே நடுவில் நிற்கவேண்டிய பாடகர் ஏறக்குறைய முழுவதுமாகக் கிட்டவுள்ள பெட்டிக்குள் போய்விடுவார். அலுமாரி மேல் ஒன்றும் கட்டிலுக்கடியில் ஒன்றும் வைத்தால் வீட்டில் இருப்பது இரண்டு ரேடியோவே தவிர ஸ்டீரியோ அல்ல.

கயிற்றால் ஒரு முக்கோணம்

இதற்கு விலைகூடிய அளவுகருவி தேவையில்லை. பதினெட்டு அடிக் கயிறு ஒன்றை எடுத்து, ஆறாவது அடியிலும் பன்னிரண்டாவது அடியிலும் முடிச்சுப் போடுங்கள். இரு முனைகளையும் சேர்த்துக் கட்டினால் மூன்று மூலை வரும். இரண்டு மூலையில் ஸ்பீக்கர்கள், மூன்றாவதில் உங்கள் தலை. மூன்று பக்கமும் ஆறடி.

பத்தடிச் சுவரின் பக்கமாக ஸ்பீக்கர்களை வைத்து, பன்னிரண்டடி நீளத்தைப் பார்க்கத் திருப்புவது நல்லது. ஸ்பீக்கர்களின் நடுப்புள்ளிகள் ஆறடி இடைவெளியில் இருந்தால் இருபுறமும் பக்கச்சுவருக்கு இரண்டிரண்டு அடி மிஞ்சும். முன்சுவரில் இருந்து இரண்டரை அடி தள்ளி வைத்தால், கேட்பவரின் தலை முன்சுவரில் இருந்து ஏறத்தாழ 7 அடி 8 அங்குலத்தில் வரும். அவருக்குப் பின்னால் நாலடிக்கு மேல் வெளி இருக்கும்.

இரண்டரை அடி தள்ளினால் நடமாட முடியாது என்பவர் ஒன்றரை அடி தள்ளி வைக்கலாம். ஆறடி இடைவெளி கிடைக்காவிட்டால் ஐந்தடி போதும், கயிற்றைப் பதினைந்து அடியாக்குங்கள். தூரம் மாறலாம். மூன்று பக்கமும் சமமாக இருப்பதைத்தான் முதலில் காப்பாற்ற வேண்டும்.

சரியாக வைத்தோமா என்று பார்க்க 1950களின், 60களின் பழைய பாடல் ஒன்றைப் போடுங்கள். அவை ஒற்றைத் தடத்தில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். கண்ணை மூடிக் கேட்டால் பாடகர் நேர் நடுவில், ஓரிடத்தில் நிற்கவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கப் பெட்டியை ஓரிரு அங்குலம் பின்னுக்குத் தள்ளுங்கள். குரல் எங்கும் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, அடித்தொனியும் மெலிந்து கேட்டால், ஒரு ஸ்பீக்கரின் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. ஒரு பெட்டி காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கிறது. சிவப்பு முனையும் கறுப்பு முனையும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மாட்டப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பழைய செட் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

சுவரும் மூலையும் செய்யும் வேலை

மூலையில் வைத்த ஸ்பீக்கர் ‘தும் தும்’ என்று அதிரும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் அந்த அதிர்வு பாட்டில் இருந்து வருவதல்ல, சுவரில் இருந்து வருவது. தாழ்ந்த ஒலி பெட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவுகிறது. பின்னால் ஒரு சுவர் இருந்தால் அந்தப் பக்கம் போன ஒலியும் திரும்பி முன்னே வந்து சேர்கிறது. ஒவ்வொரு சுவரும் அடித்தொனியை 6 டெசிபல் வரை கூட்டவல்லது. மூலையில் இரண்டு சுவரும் ஒரு தரையும் சேர்ந்துகொள்கின்றன. குரல் அதே அளவில் இருக்க, அடித்தொனி மட்டும் பெருத்து, பாட்டின் சொற்களை விழுங்கிவிடுகிறது.

இன்னொரு சங்கதியும் உண்டு. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி சற்றுத் தாமதித்து வருகிறது. ஏதோ ஒரு சுருதிக்கு அந்தத் தாமதம் சரியாக அரை அலையாக அமைந்துவிடும். அப்போது நேராக வந்த ஒலியும் திரும்பிய ஒலியும் ஒன்றையொன்று அழிக்கும். பின்சுவருக்கும் பக்கச்சுவருக்கும் ஒரே தூரம் இருந்தால் இரண்டு சுவரும் அதே சுருதியையே அழிக்கும். அதனால்தான் மேலே பக்கத்துக்கு இரண்டடி, பின்னுக்கு இரண்டரை அடி என்று வேறுவேறாகச் சொல்லப்பட்டது.

அறைக்கும் சொந்தமாகச் சில சுருதிகள் இருக்கின்றன. பன்னிரண்டடி நீளத்துக்கு அது 47 ஹேர்ட்ஸ் அளவில், பத்தடி அகலத்துக்கு 57 ஹேர்ட்ஸ் அளவில் விழும். பேஸ் கிட்டாரின் ஆகத் தாழ்ந்த தந்தி 41 ஹேர்ட்ஸ். ஆகவே கிட்டாரின் கீழ்ச்சுருதிகள் சில அறையோடு சேர்ந்து ஊதிப்பெருக்கும். சுவரோடு ஒட்டி உட்கார்ந்தவருக்கு அவை மிகப் பலமாகவும், அறையின் சரிநடுவில் இருப்பவருக்குக் காணாமல்போனது போலவும் கேட்கும். ஒரே வீட்டில் ஒருவர் ‘பேஸ் கூட’ என்பதும், மற்றவர் ‘பேஸே இல்லை’ என்பதும் இதனால்தான். இருவர் சொல்வதும் சரி. முதுகைச் சுவரில் சாய்க்காமலும், அறையின் சரிநடுவில் இல்லாமலும், பின்சுவரில் இருந்து மூன்றில் ஒரு பங்கு அல்லது சற்றுக் கூடிய தூரத்தில் உட்கார்ந்தால் இரண்டு தொல்லையும் குறையும்.

எவ்வளவு திருப்புவது?

ஸ்பீக்கர் பெட்டியில் பெரிய வட்டம் தாழ்ந்த ஒலிக்கு, சின்ன வட்டம் உயர்ந்த ஒலிக்கு. தாழ்ந்த ஒலி எல்லாப் பக்கமும் பரவும் என்று பார்த்தோம். உயர்ந்த ஒலி டோர்ச் வெளிச்சம் மாதிரி. எந்தப் பக்கம் திருப்புகிறீர்களோ அந்தப் பக்கமே அதிகம் போகும். ஆகவே பெட்டியைத் திருப்புவது என்பது அந்த டோர்ச்சை யார்மேல் அடிப்பது என்று தீர்மானிப்பது.

முதலில் இரண்டு பெட்டியையும் எதிர்ச்சுவரை நேராகப் பார்க்க வையுங்கள். பிறகு இரண்டையும் ஒரே அளவாக உள்நோக்கித் திருப்புங்கள். பத்து அங்குல ஆழமுள்ள பெட்டியில், முன்பக்கம் பின்பக்கத்தைவிட இரண்டரை அங்குலம் உள்ளே வந்தால் அது ஏறத்தாழ 15 பாகை. ஐந்து அங்குலம் வந்தால் 30 பாகை, அதாவது பெட்டி நேராக உங்கள் முகத்தைப் பார்க்கிறது. சிறிய காம்பராவில் பக்கச்சுவர் கிட்ட இருப்பதால் இந்தத் திருப்பம் பெரிய வீட்டைவிட அதிகம் உதவும். சுவரில் மோதும் உயர்ந்த ஒலி குறையும், குரல் தெளியும். ஒலி கூராகக் காதைக் குத்தினால் சற்றுத் திறந்துவிடுங்கள். குரல் மங்கினால் சற்று உள்ளே திருப்புங்கள். ஒரு தடவையில் ஓர் அங்குலம் போதும்.

ஆனால் லயன் காம்பராவில் ஒருவர் தனியாக உட்கார்ந்து பாட்டுக் கேட்பது எத்தனை நாள் நடக்கும்? குடும்பமே பாயில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஒரு வழி உண்டு. பெட்டிகளை இன்னும் கொஞ்சம் உள்ளே திருப்பி, அவற்றின் பார்வை நடுவில் இருப்பவருக்கு ஓரடி, இரண்டடி முன்னாலேயே ஒன்றையொன்று வெட்டும்படி செய்யுங்கள். இடப்பக்கம் இருப்பவருக்கு இடப்பெட்டி கிட்ட இருந்தாலும் அதன் முகம் அவரைவிட்டு விலகியிருக்கும். தூரத்து வலப்பெட்டி அவரை நேராகப் பார்க்கும். தூரத்தால் போனதைக் கோணம் ஓரளவு ஈடுசெய்யும். நடுவில் இருப்பவர் கொஞ்சம் இழப்பார், ஓரத்தில் இருப்பவர்கள் நிறையப் பெறுவார்கள்.

உயரமும் இதோடு சேர்ந்ததுதான். சின்ன வட்டம் காதின் உயரத்தில் இருக்கவேண்டும். பாயில் இருப்பவருக்கு அது ஏறத்தாழ இரண்டரை அடி, கதிரையில் இருப்பவருக்கு மூன்றரை அடி. அலுமாரி மேல்தான் இடம் என்றால் பெட்டியின் பின்பக்கத்துக்கு ஒரு பலகைத்துண்டைக் கொடுத்து முகத்தைக் கீழே சாயுங்கள். தரையில் என்றால் முன்பக்கத்தை உயர்த்தி மேலே பார்க்க வையுங்கள்.

தகரமும் அடுத்த வீடும்

வெறும் சுவரும் தகரக் கூரையும் உள்ள அறையில் ஒலி திரும்பத் திரும்ப மோதும். கை தட்டிப் பாருங்கள், ‘கிணுங்’ என்று ஒரு வால் கேட்கும். ஒருவர் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் முகம்பார்க்கும் கண்ணாடியைப் பக்கச்சுவரோடு பெட்டியின் உயரத்தில் நகர்த்தட்டும். உட்கார்ந்தவருக்குக் கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமே ஒலி முதலில் மோதும் இடம். அங்கே தடித்த போர்வையோ, மடித்த சாக்கோ தொங்கவிட்டால் போதும். சுவர் முழுக்க மூடத் தேவையில்லை. மெல்லிய சேலை உயர்ந்த ஒலியை மட்டும் குடிக்கும், மெத்தை அதைவிடக் கீழே உள்ளதையும் குடிக்கும்.

அடுத்த காம்பராவுக்கும் நமக்கும் நடுவில் ஒரே சுவர். சில பழைய லயன்களில் அதுவும் கூரைவரை போவதில்லை. அங்கே விடியற்காலையில் கொழுந்துக்கோ பால்வெட்டுக்கோ போகவேண்டிய ஒருவர் தூங்குகிறார். சுவரைத் தாண்டிப் போவது பெரும்பாலும் அடித்தொனிதான். எனவே பொதுச்சுவரில் பெட்டியை ஒட்டி வைக்கவேண்டாம். பெட்டிக்கடியில் இறப்பர் துண்டை மடித்து வையுங்கள். யட்டியாந்தோட்டையில் இறப்பருக்கு அலையவேண்டியதில்லை. அது பெட்டியின் நடுக்கம் மேசைக்கும் சுவருக்கும் இறங்குவதைக் குறைக்கும். முக்கியமாக, ஸ்பீக்கரைக் கிட்ட எடுங்கள். எட்டடித் தூரத்தை நாலடியாக்கினால் நேராக வரும் ஒலி 6 டெசிபல் கூடும். அந்த அளவுக்குச் சத்தத்தைக் குறைத்துவிடலாம். நமக்கு அதே பாட்டு, அடுத்த வீட்டுக்குப் பாதித் தொல்லை.

ஒரு காது கேட்காதவர் வீட்டில் இருந்தால்

1977, 1981, 1983 வன்செயல்களின் பின்னர் சபரகமுவ உள்ளிட்ட தோட்டப்பகுதிகளில் இருந்து ஏராளமான குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. பாதுகாப்புத் தேடிப்போன இடத்தில் அவர்கள் போரின் கடைசி மாதங்களையும் கண்டார்கள். வடக்குக் கிழக்கு மக்களோடு சேர்ந்து ஷெல் வீச்சுக்குள் இருந்தார்கள். குண்டு வெடிப்பின் அமுக்க அலைக்கு உடலில் மிக எளிதாகப் பாதிக்கப்படும் உறுப்புகளில் முதன்மையானது காது. செவிப்பறை கிழியலாம், உட்காதின் நரம்புக் கலங்கள் சாகலாம், இடைவிடாத இரைச்சல் தங்கிவிடலாம். வெளிக்காயம் ஆறிவிட்டதால் இது பல வீடுகளில் கணக்கிலேயே வருவதில்லை. ‘அப்பா கூப்பிட்டால் திரும்பமாட்டார்’ என்று கோபமாகச் சொல்லப்படும்.

ஒரு காது மட்டும் கேட்கிறவருக்கு, மேலே சொன்ன நடுவில் நிற்கும் குரல் கிடைக்காது. அதற்கு இரண்டு காது வேண்டும். ஆனால் அவருக்கு ஸ்பீக்கர், இயர்போனைவிட நல்லது. இயர்போனில் ஒரு பக்க இசை முழுவதும் கேளாத காதுக்குப் போய் வீணாகும். ஸ்பீக்கரில் இரண்டு பக்க ஒலியும் அறைக்குள் கலந்து நல்ல காதுக்கு வந்துசேரும். இயர்போன்தான் வேண்டுமென்றால், கைத்தொலைபேசியின் அணுகல் வசதி அமைப்புகளுக்குள் ‘மோனோ’ என்று ஒரு தெரிவு உண்டு. அதைப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றாகும்.

அவருடைய இருக்கையை, நல்ல காது ஸ்பீக்கர் பக்கமும் பேசுகிற ஆட்கள் பக்கமும் வரும்படி மாற்றுங்கள். கேளாத காது சுவர்ப்பக்கம் இருக்கட்டும். செய்தி, நாடகம், பேச்சு என்றால் இரண்டு பெட்டியைவிட, நல்ல காதின் பக்கம் மூன்றடியில் ஒரே பெட்டி மேல்.

வெடிச்சத்தத்தால் வரும் கேள்விக்குறை பெரும்பாலும் உயர்ந்த ஒலியையே முதலில் பறிக்கிறது. க, ச, த, ப போன்ற எழுத்துகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. அதனால்தான் ‘சத்தம் கேட்குது, என்ன சொல்றாங்க என்றுதான் விளங்கலை’ என்பார்கள். சத்தத்தைக் கூட்டினால் அடித்தொனிதான் பெருகும், விளக்கம் பெருகாது. பெட்டியின் சின்ன வட்டத்தை நேராக அவர் முகத்துக்குத் திருப்பி, மூலையில் இருந்து பெட்டியை வெளியே எடுத்து, பேஸைக் குறைத்து, ட்ரெபிளைச் சற்றுக் கூட்டுங்கள். பல வேளைகளில் சத்தத்தைக் கூட்டாமலே சொல் விளங்கும். ஆனால் இது மருத்துவத்துக்குப் பதில் அல்ல. அரச வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஒருமுறை கேட்டல் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். வெடிப்பு நடந்து எத்தனை ஆண்டாகியிருந்தாலும் காது கேட்கும் கருவி பயன்தரக்கூடும்.

மிஞ்சியிருக்கும் கேள்வியையும் காக்கவேண்டும். உலக சுகாதார அமைப்பு வளர்ந்தவர்களுக்கு 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணித்தியாலம் என்பதைப் பாதுகாப்பான எல்லையாகக் கொள்கிறது. சிறுவர்களுக்கு அதே நேரத்துக்கு 75 டெசிபல். கருவி இல்லாதவருக்கு ஓர் எளிய அளவு: கையெட்டும் தூரத்தில் இருப்பவரோடு பேசக் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் செட்டைக் குறைக்கவேண்டும்.

முதுகுக்குப் பின்னால் வேண்டாம்

திடீர்ச் சத்தத்துக்குத் துணுக்குறுவது போரைக் கடந்து வந்தவர்களின் உடம்பில் தங்கிப்போன ஒன்று. பட்டாசு, தகரத்தில் விழும் தேங்காய், செட்டைப் போட்டவுடன் வரும் ‘டும்’ என்ற அதிர்வு, எதுவும் அதைக் கிளப்பலாம். ஸ்பீக்கர்கள் அவர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில், முன்னால் இருக்கட்டும். தலைக்குப் பின்னாலோ, படுக்கும் கட்டிலுக்கடியிலோ வேண்டாம். வாசலும் அவர் பார்வையில் இருப்பது நல்லது. சத்தத்தை முழுவதும் குறைத்துவைத்துப் பிறகு செட்டைப் போட்டு, மெல்லக் கூட்டும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். காதில் இரைச்சல் உள்ளவருக்கு இரவில் மெல்லிய குரலில் ஏதாவது ஓடிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஆறுதல் தரும், முழு நிசப்தம்தான் இரைச்சலைப் பெரிதாக்கும்.

பழைய கசற்றில் உள்ள குரல்

பல வீடுகளில் பாட்டைவிடப் பெறுமதியான ஒலி வேறொன்று இருக்கிறது. வெளிநாட்டில் இருந்து கசற்றில் பேசி அனுப்பிய கடிதம், கல்யாண வீட்டில் பதிவான சிரிப்பு, இன்று இல்லாத அல்லது எங்கே என்று தெரியாத ஒருவரின் குரல். அப்படி ஒரு குரலைக் கேட்க ஸ்பீக்கரை வைக்கும் முறை, பாட்டுக்கு வைக்கும் முறையல்ல.

அவை அநேகமாக ஒற்றைத் தடப் பதிவுகள். அதே ஒலி இரண்டு பெட்டியில் இருந்தும் வெவ்வேறு தூரத்தில் வந்தால், நடுவில் இல்லாதவர்களுக்குச் சில சுருதிகள் அழிந்து குரல் குழம்பும். அம்மா, தங்கை, பிள்ளைகள் என்று எல்லோரும் சுற்றி இருந்து கேட்பதென்றால் ஒரு பெட்டியை மட்டும் ஓடவிட்டு, அதை நடுவில், முகத்தின் உயரத்தில், மூன்று நாலடித் தூரத்தில் வையுங்கள். பின்னால் ஒரு தடித்த போர்வை. பேஸைக் குறையுங்கள். அந்தக் கால றெக்கோட்டர்களின் மோட்டார் உறுமலும் மின்சார இரைச்சலும் பெரும்பாலும் அடித்தொனியில் இருப்பவை. மேலே உள்ள ‘ஸ்’ என்ற நாடா இரைச்சலைக் குறைக்க ட்ரெபிளை வெட்டினால் சொல்லும் சேர்ந்து வெட்டுப்படும். இரைச்சலோடு கேட்பதே மேல், காது சற்று நேரத்தில் அதை ஒதுக்கிவிடும். நாடா ஒவ்வொரு தடவை ஓடும்போதும் தேய்கிறது. ஆகவே முதல் தடவை நன்றாக ஓடும்போதே கைத்தொலைபேசிக்கோ கணினிக்கோ வயர் மூலம் ஒரு பிரதி எடுத்துவிட்டு, பிறகு பிரதியைக் கேளுங்கள்.

மழை இரவுகளில்

தென்மேல் பருவமழையில் யட்டியாந்தோட்டைத் தகரக் கூரையின் கீழ் எந்தக் கோணமும் உதவாது. மழைச் சத்தத்தை வெல்ல செட்டைக் கூட்டுவதுதான் வழக்கம். ஆனால் இது கேகாலை மாவட்டம். 2016 மே 17 அன்று அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயன் குடியிருப்பின்மேல் மண் விழுந்து தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் உயிரிழந்தன. சரிவுக்கு முன் சிலவேளை மண்ணுக்குள் இருந்து உறுமல் கேட்கும், மரம் முறியும், அயலவர் கத்துவார்கள். எச்சரிக்கை விடுக்கப்பட்ட இரவில் செட்டைக் கூட்டுவதைவிட நிறுத்துவதே நல்லது. கேள்விக்குறை உள்ளவர் தனியாகத் தூங்கினால், அவரை எழுப்பவேண்டிய பொறுப்பு யாருடையது என்று லயத்தில் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்ளுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

புதிய வீட்டில் முதலில் பார்க்கவேண்டியது

ஏழு பேர்ச்சஸ் காணியில் தனிவீடு என்பது மலையகத்தில் பலருக்குக் கிடைத்திருக்கிறது, இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். இந்திய உதவியில் கட்டப்படும் வீடுகள் ஏறத்தாழ 550 சதுர அடி. அப்படி ஒரு வீட்டில் மேசனும் வயரிங் செய்பவரும் நிற்கும்போதே ஒரு விடயத்தைச் சொல்லிவிடலாம். வரவேற்பறையின் குறுகிய சுவரில், ஆறடி இடைவெளியில், இரண்டு பிளக் பொயின்ற் வைக்கச் சொல்லுங்கள். பிளக் எங்கே இருக்கிறதோ அங்கேதான் செட் போகும், செட் இருக்கும் இடத்துக்கு ஏற்பத்தான் கதிரைகள் வரும். அந்தச் சுவரில் இருந்து ஏழெட்டு அடி தள்ளி, முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் வெளியோடு, நல்ல காதை ஸ்பீக்கர் பக்கம் வைத்து ஒருவர் நிம்மதியாக உட்கார ஓர் இடம் இருக்கிறதா என்று வரைபடத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இப்போதைக்கு லயன் காம்பராவிலேயே இருப்பவருக்கு, கயிறும் கண்ணாடியும் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரமும் போதும்.